கோட்டிங்கன்: கிளம்புகிற வாரம்

ஞாயிறு

வகுப்புகள் முடிந்துவிட்டன. ஏட்டுக் கணக்கில் கோடைப் பருவம் செப்டம்பர் 30 வரை ஓடும். ஆனால் ஜூலை பாதியில் விரிவுரைகள் நின்றதுமே, ஜெர்மனியின் இந்தப் பல்கலைக்கழக ஊருக்கு ஓராண்டுப் படிப்புக்கென்று வந்த எங்கள் கூட்டம் கலையத் தொடங்கிவிட்டது. இந்த வாரம் முழுக்க வழியனுப்பல்தான். ஊர் சுற்றிய கதை எங்கே என்று கேட்பவர்கள் புதன்கிழமை வரை பொறுங்கள், ஒரு சின்னப் பயணம் இருக்கிறது.

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். நாலு பேர் ஆளுக்கொரு அறையும் பொதுவில் ஒரு சமையலறையுமாக இருக்கும் வீடு எங்களுடையது. சிலி நாட்டுக்காரி, கொரியத் தம்பி, நான், அப்புறம் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் ஜெர்மன் அக்கா. பக்கத்துக் கட்டிடத்தில் ஒரு போலந்துக்காரன். அவன் தூங்குவது மட்டும்தான் அங்கே. யார் பெயரையும் எழுதப்போவதில்லை. அவர்களுக்குத் தமிழ் தெரியாதுதான், ஆனால் மொழிபெயர்க்கும் பொத்தான் எல்லாருடைய போனிலும் இருக்கிறதே.

வழியனுப்பும் விருந்தை ஊரின் தெற்கே இருக்கும் கீஸ்சே ஏரிக்கரையில் வைத்தோம். ஞாயிறு கடை திறக்காது என்பதால் எல்லாம் நேற்றே வாங்கியாகிவிட்டது. இரவு ஒன்பதுக்கும் வெளிச்சம் இருந்தது. இந்த மாதிரி விருந்துகளில் யாரும் சொல்ல வந்ததைச் சொல்வதில்லை, கவனித்திருக்கிறீர்களா? 23 கிலோவுக்குள் பெட்டியை எப்படி அடக்குவது, குளிர்கால மேல்சட்டையை உடுத்திக்கொண்டே விமானம் ஏறலாமா, மிச்சமிருக்கும் சலவை டோக்கனை யாரிடம் தள்ளுவது, இதுதான் பேச்சு. முடிந்ததும் போலந்துக்காரன் காலிப் புட்டிகளைப் பொறுக்கிப் பையில் போட்டான். பிளாஸ்டிக் புட்டிக்கு 25 சென்ட், பியர் புட்டிக்கு 8 சென்ட் திரும்பக் கிடைக்கும். எல்லாரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தோம். அப்புறம் எல்லாரும் ஒரே பேருந்தில் ஏறி ஒரே தெருவில் இறங்கினோம்.

திங்கள்

அலுவலக நாள்.

இந்த நாட்டில் குடியேறினால் இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். கிளம்பும்போது பதிவை நீக்க வேண்டும் என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். நாட்டுக்குள்ளேயே வீடு மாறினால் புதிய ஊரில் பதிந்தால் போதும், பழையது தானாகக் கழிந்துவிடும். நாட்டைவிட்டே போகிறவர்கள் மட்டும் தனியாக நீக்க வேண்டும். வீட்டைக் காலி செய்யும் நாளுக்கு ஒரு வாரம் முன்னதாகப் போகலாம், அதற்கும் முன்னால் போனால் திருப்பி அனுப்புவார்கள். காலி செய்த பிறகு இரண்டு வாரம் வரை அவகாசம். அங்கே தரும் ஒற்றைத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கை மூடவும் மருத்துவக் காப்பீட்டை நிறுத்தவும் போன் ஒப்பந்தத்தை முடிக்கவும் அதைத்தான் கேட்கிறார்கள்.

வீட்டுக்கு வீடு கட்டும் வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் இன்னொரு சங்கதி. மாதம் 18.36 யூரோ. வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் ஒரே கட்டணம், அக்கா பெயரில் இருக்கிறது. ஆளுக்கு 4.59 யூரோ என்று மாதாமாதம் நாங்கள் கொடுத்துவந்தோம். கட்டுபவர் நீங்களாக இருந்தால், கிளம்பும் முன் வேறொருவர் பெயருக்கு மாற்றிவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் கடிதம் தேடி வரும்.

அலுவலகத்தில் எனக்கு ஆன வேலை ஐந்து நிமிடம். எதிரே இருந்த அம்மா கேட்டது ஒன்றே ஒன்று, எந்த நாட்டுக்கு? சொன்னேன். தட்டினார், அச்சாகி வந்தது, முத்திரை விழுந்தது. எனக்கென்னவோ இதைத்தான் உண்மையான விடைபெறல் என்று சொல்லத் தோன்றுகிறது. அழுகை கிடையாது, புகைப்படம் கிடையாது.

சாயங்காலம் வீட்டில் சண்டை. பிளாஸ்டிக் குப்பைக்கான மஞ்சள் பையில் போட வேண்டிய தயிர்க் கோப்பையை யாரோ காகிதத் தொட்டியில் போட்டிருந்தார்கள். அக்கா அதைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு சமையலறை நடுவில் நின்றாள். "ஒரு வருஷம் ஆச்சு, இன்னுமா?" கோப்பை யாருடையது என்று கடைசி வரை தெரியவில்லை. கதவைச் சாத்திய சத்தம் மட்டும் எல்லா அறைக்கும் கேட்டது.

செவ்வாய்

முதலில் கிளம்பியது சிலிக்காரி. காலை ஏழு மணிக்குத் தொலைதூரப் பேருந்து. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நின்றோம். அக்கா வரவில்லை, வீட்டு வாசலிலேயே கட்டிப்பிடித்து அனுப்பிவிட்டாள். தயிர்க் கோப்பை கோபம் இன்னும் தீரவில்லைபோல என்று நினைத்துக்கொண்டேன்.

பேருந்தில் வழியனுப்புவது கொடுமை. ஏறினவர் ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவார், வண்டி நகராது. கண்ணாடிக்கு உள்ளேயிருந்து அவள் எதையோ சொல்கிறாள், எங்களுக்குக் கேட்கவில்லை. சிரிக்கிறோம். மறுபடி சொல்கிறாள். மறுபடி சிரிக்கிறோம். ஓட்டுநர் சிகரெட்டை முடித்துவிட்டு ஏறினபோது நிம்மதியாகக்கூட இருந்தது.

திரும்பும்போது நேரே வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் பழைய கோட்டைமேட்டு நடைபாதையில் சுற்றி வந்தேன். நகரத்தைச் சுற்றியிருந்த மதில், இப்போது லிண்டன் மரங்கள் வரிசையாக நிற்கும் நடைபாதை. அந்த வழியில் காஸும் வேபரும் இருக்கிறார்கள், 1899-ல் வைத்த சிலை. காஸ் உட்கார்ந்திருக்கிறார், வேபர் பக்கத்தில் நிற்கிறார்.

இந்த ஓராண்டில் எத்தனையோ தடவை கடந்து போன சிலைதான். இன்றைக்கு உட்கார்ந்து பார்த்தேன். கணிதத்தில் காஸ் பெயர் தெரியாதவர்கள் குறைவு. வேபர் இயற்பியல்காரர், அவரைவிட 27 வயது இளையவர். 1833-ல் இரண்டு பேரும் சேர்ந்து ஊர்க் கூரைகளுக்கு மேலே கம்பி இழுத்து, வானாய்வகத்துக்கும் இயற்பியல் கூடத்துக்கும் இடையே தந்தி பேசினார்கள். நாலு வருடம்தான். 1837-ல், இந்த ஊர் அன்று அடங்கியிருந்த ஹானோவர் ராஜ்யத்தின் அரியணைக்கு வந்த எர்ன்ஸ்ட் அவுகுஸ்ட், 1833-ம் ஆண்டு அரசியல் சட்டம் செல்லாது என்று அறிவித்தார். ஏழு பேராசிரியர்கள் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள், ஏழு பேரையும் பதவிநீக்கம் செய்தார் ராஜா. அதில் வேபர் ஒருவர். காஸின் மகள் மின்னாவைக் கட்டியிருந்த எவால்ட் இன்னொருவர். மருமகனும் மகளும் ட்யூபிங்கனுக்குப் போனார்கள், மகள் 1840-ல் அங்கேயே இறந்துபோனாள். வேபர் சில வருடம் ஊரில் தங்கிப் பார்த்துவிட்டு 1843-ல் லைப்சிகுக்குப் போய்விட்டார்.

காஸ் எங்கேயும் போகவில்லை. கையெழுத்தும் போடவில்லை. அதற்காக அவரை ஏசுகிறவர்கள் உண்டு, அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. போனவர்கள் கதையைத்தான் ஊர் கொண்டாடுகிறது. வீட்டில் இருந்துகொண்டு ஒவ்வொருவராகப் போவதைப் பார்த்தவரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. வேபர் 1849-ல் திரும்பி வந்தார். காஸ் இறந்தது 1855-ல். கடைசி ஆறு வருடமாவது பேச்சுத்துணை இருந்திருக்கிறது.

புதன்

விட்சன்ஹவுசன் போனோம். கொரியத் தம்பி, போலந்துக்காரன், நான். அக்காவையும் கூப்பிட்டோம், ஆய்வேட்டு வேலை என்றாள்.

எங்கேயோ மலை, அரண்மனை என்று போகாமல் ஏன் இந்தச் சின்ன ஊர் என்றால், அதற்கும் அந்த ஏழு பேர்தான் காரணம். ஏழு பேரில் மூன்று பேரை மூன்றே நாளில் நாட்டைவிட்டு வெளியேறச் சொன்னார் ராஜா. டால்மான், கெர்வினுஸ், யாக்கோப் கிரிம். தேவதைக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களில் மூத்தவர் இந்த யாக்கோப். தம்பி வில்ஹெல்மும் ஏழு பேரில் ஒருவர்தான், அவரைக் கொஞ்ச நாள் இருக்கவிட்டார்கள். அன்றைக்கு நாடு என்பது ஹானோவர் ராஜ்யம். எல்லை தாண்டினால் ஹெஸ்ஸன், அங்கே முதல் ஊர் விட்சன்ஹவுசன். கோட்டிங்கன் மாணவர்கள் டிசம்பர் குளிரில் அங்கே வரைக்கும் நடந்து போய்த் தங்கள் வாத்தியார்களை வழியனுப்பினார்கள்.

அவர்கள் நடந்த 25 கிலோமீட்டர் சொச்சத்தை நாங்கள் ரயிலில் அரைமணி போலக் கடந்தோம். நடக்கலாம் என்று போலந்துக்காரன் சொன்னான். வெயில் 30 டிகிரியைத் தொட்டிருந்தது, அந்த யோசனைக்கு ஆதரவு கிடைக்கவில்லை.

வழியில் ஃப்ரீட்லாண்ட் என்று ஒரு நிறுத்தம். ஒரு நிமிடம்கூட வண்டி நிற்பதில்லை, ஆனால் இறங்கிப் பார்க்க வேண்டிய இடம். போர் முடிந்த 1945-ல் பிரிட்டிஷ், அமெரிக்க, சோவியத் மண்டலங்கள் மூன்றும் சந்தித்த மூலை இது. அங்கே ஒரு முகாம் போட்டார்கள். ஊரிழந்து வந்தவர்கள், போர்க்கைதிகளாக இருந்து திரும்பியவர்கள், பிறகு உலகின் பல மூலைகளிலிருந்து தஞ்சம் தேடி வந்தவர்கள் என்று நாற்பது லட்சம் பேருக்கு மேல் கடந்து போயிருக்கிறார்கள். முகாம் இன்றும் இயங்குகிறது. பழைய நிலையக் கட்டிடத்தில் 2016-லிருந்து அருங்காட்சியகம். முன்பு ஒரு தடவை இறங்கிப் பார்த்திருக்கிறேன். இன்றைக்கு ஒரு குடும்பம் ஏறியது: இரண்டு குழந்தைகள், ஆளுக்கொரு முதுகுப்பை, தகப்பன் கையில் பிளாஸ்டிக் உறையிட்ட காகிதக் கட்டு. அந்தக் காகிதக் கட்டை எனக்குத் தெரியும், எல்லா அயலாருக்கும் தெரியும். நாங்கள் ஒரு வருடம் இருந்துவிட்டுப் போகிறவர்கள், திரும்ப வீடு இருக்கிறது. அந்த ஆளுக்கு முன்னால் உட்கார்ந்து பிரிவைப் பற்றி அங்கலாய்க்க வாய் வரவில்லை. அடுத்த இரண்டு நிறுத்தத்துக்கு நாங்கள் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசினோம். கொரியத் தம்பிக்கு இன்னும் எல்பிடபிள்யூ பிடிபடவில்லை.

விட்சன்ஹவுசன் நிலையம் மேட்டில் இருக்கிறது, ஊர் கீழே. இறங்கி வேரா ஆற்றுப் பாலத்தைக் கடக்க வேண்டும். மரச்சட்டம் வைத்துக் கட்டிய பழைய வீடுகள், சரிவெல்லாம் செர்ரி மரங்கள். இந்தப் பக்கத்தில் செர்ரி என்றால் இந்த ஊர்தான். பருவத்தின் கடைசிப் பழங்கள், கறுப்புக்குப் பக்கத்தில் போய்விட்ட சிவப்பு. ஒரு கிலோ வாங்கி ஆற்றங்கரையில் உட்கார்ந்தோம். கொட்டையை யார் தூரமாகத் துப்புவது என்று போட்டி, போலந்துக்காரன் ஜெயித்தான். விரல் நகக்கண்ணெல்லாம் சாயம்.

எல்லை தாண்டிய நாளைப் பற்றி யாக்கோப் கிரிம் பிறகு எழுதியிருக்கிறார். ஒரு பாட்டி தன் பேரப்பிள்ளையிடம் சொன்னாளாம்: "இந்த ஐயாவுக்குக் கை கொடு, இவர் ஓடிவந்தவர்." நான் இதைச் சொன்னதும் தம்பி கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். அவன் செப்டம்பர் கடைசி வரை இங்கே இருக்கப்போகிறவன். சிலிக்காரி, நான், அடுத்த வாரம் போலந்துக்காரன் என்று எல்லாரும் போன பிறகு ஆகஸ்ட் முழுக்க அவனும் அக்காவும்தான். "அந்த மாணவர்கள் திரும்பி நடந்து போனாங்கல்ல, அப்ப என்ன பேசியிருப்பாங்க?" என்று கேட்டான். வழியனுப்பப் போனவர்கள் திரும்பி வந்த நடை எந்தச் சரித்திரத்திலும் இல்லை. போலந்துக்காரன்தான் பதில் சொன்னான்: "கால் வலியைப் பத்தி."

வியாழன்

அறையைக் காலி செய்தேன். சுவரில் ஆணி அடித்த ஓட்டைகளை நிரப்பித் தர வேண்டும், இல்லாவிட்டால் முன்பணத்தில் பிடிப்பார்கள். குழாயில் வரும் வெள்ளைப் பசையை ஓட்டையில் பிதுக்கி, பழைய நூலக அட்டையால் மட்டமாக இழுத்துவிட வேண்டும். அக்கா கற்றுக்கொடுத்தது. அவள் செய்தால் ஓட்டை இருந்த இடமே தெரியாது.

பொருட்களைப் பங்கு போட்டாயிற்று. மேசை விளக்கும் சைக்கிளும் தம்பிக்கு. அரிசி வேகும் பெரிய பாத்திரம் வீட்டுக்கே. மிச்சத்தை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு, "எடுத்துக்கொள்ளலாம்" என்று எழுதி நடைபாதையில் வைத்தேன். ஒரு மணி நேரத்தில் பெட்டியும் சேர்ந்து காணோம்.

கடைசியாகக் குளிர்பெட்டி. எங்கள் வீட்டில் ஆளுக்கொரு தட்டு, ஓரத்தில் காகித நாடா ஒட்டிப் பெயர் எழுதியிருக்கும். என் பெயரைக் கிழித்தால் நாடா மொத்தமாகக் கையோடு வந்தது. கீழே இன்னொரு நாடா, இன்னொரு பெயர். அதற்கும் கீழே இன்னொன்று. ஒன்று சிரிலிக் எழுத்து, ஒன்றில் மசி கரைந்து முதல் எழுத்து மட்டும் நிற்கிறது. கடைசி அடுக்கு பிசினாக இறுகிப்போய் நகத்துக்கு வரவில்லை. நான் சுரண்டிக்கொண்டிருந்ததை அக்கா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதை விடு. அவன் மெக்சிகோ. அவனுக்கும் வரலை."

இரண்டு பேரும் தரையிலேயே உட்கார்ந்தோம். இவள் இந்த வீட்டுக்கு வந்து ஐந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒவ்வொரு ஜூலையும் இப்படியா என்று கேட்டேன்.

"பிப்ரவரியும் உண்டு. ஒரு பருவத்துக்கு மட்டும் வர்றவங்க அப்ப போவாங்க."

"பழகிடுமா?"

"நீங்க போறதுக்கு ஒரு வாரம் முன்னாடி எனக்குக் கோபம் வரும். சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம். குப்பை, பாத்திரம், கதவு. முதல்ல எனக்கே தெரியல, போன வருஷம் ஒருத்தி சொன்ன பிறகுதான் புரிஞ்சுது. சண்டை போட்டா அனுப்பறது சுலபமா இருக்கு."

தயிர்க் கோப்பைக்கு அர்த்தம் அப்போதுதான் விளங்கியது. சுலபமாக இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். பிறகு எழுந்து மடிக்கணினியைக் கொண்டுவந்தாள். அக்டோபரில் என் அறைக்கு வர விண்ணப்பித்தவர்களின் பட்டியல். காணொளியில் பேசி ஆளைத் தேர்ந்தெடுப்பது இங்கே வழக்கம், கிளம்புகிறவனுக்கும் அதில் ஒரு குரல் உண்டு. என் இடத்துக்கு யார் வரவேண்டும் என்று நானே உட்கார்ந்து வடிகட்டியது விசித்திரமாகத்தான் இருந்தது. ஒருவனை உடனே தள்ளினேன்: டிரம்ஸ் வாசிப்பானாம். கென்யாவிலிருந்து ஒரு பெண், மண்ணியல் படிக்க வருகிறாள். "நீ எதுக்கெல்லாம் கோபப்படுவே?" என்று அக்காவைத் திருப்பிக் கேள்வி கேட்டாள். அவளுக்கே ஓட்டுப் போட்டேன்.

வெள்ளி

சின்னப் பதிவு, பெட்டி இன்னும் மூடவில்லை.

சந்தைச் சதுக்கத்தில் இன்று யாரோ முனைவர் ஆகியிருந்தார். அட்டைத் தொப்பி மாட்டி, காகிதப் பூ கட்டிய கைவண்டியில் உட்காரவைத்துச் சக ஆய்வாளர்கள் இழுத்து வந்தார்கள். நீரூற்றின் மேலே வாத்துகளோடு நிற்கும் பெண் சிலை, கென்ஸ்லீசல், 1901-லிருந்து இந்த ஊரின் செல்லம். புது முனைவர்கள் ஏறி அவளுக்கு முத்தம் கொடுத்துப் பூங்கொத்து வைக்க வேண்டும். 1926-ல் நகராட்சி இதற்குத் தடையே போட்டது. தடையை மதித்தவர்கள் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. இப்போது நிற்பது நகல்தான், அசல் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. அக்காவும் அடுத்த வருடம் இப்படி ஏறுவாள். காணொளி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

பின்னாலேயே பழைய நகரமன்றம். அதன் நிலவறை உணவகத்து வாசலில் லத்தீனில் எழுதியிருக்கிறது: கோட்டிங்கனுக்கு வெளியே வாழ்வில்லை, இருந்தாலும் இப்படியொரு வாழ்வில்லை. ஊர்ப்பெருமைதான், கொஞ்சம் அதிகமாகவே. அடியில் நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் போகிறவர்கள் கிடையாது, நாங்களும் எடுத்தோம்.

அம்மா போன் செய்தார். "பெட்டி கட்டிட்டியாடா?" என்று கேட்டுவிட்டு, "அழுதியா?" என்றார். இல்லை என்றேன். "சரி, அந்தப் பொண்ணுக்கு ஏதாவது வாங்கிக் குடுத்தியா, ஒரு வருஷம் உன்னைப் பாத்துக்கிட்டாளே" என்றார். வீட்டில் இருக்கிறவர்களைப் பற்றிக் கேட்க அம்மாவுக்குத்தான் தோன்றியது.

சனி

அக்கா சொன்னபடியே வாசலோடு நின்றுகொண்டாள். நிலையம் வரை வருவதில்லை என்பது அவள் வைத்திருக்கும் விதி. சாவியை வாங்கி எண்ணிப் பார்த்தாள்: வெளிக்கதவு, அறை, தபால்பெட்டி, நிலவறை. எல்லாம் சரி என்றாள். கட்டிப்பிடித்தாள். "போ, மாடியில அடுப்புல பால் இருக்கு" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டாள். அவள் பால் குடிக்கிறவள் இல்லை.

நிலையத்தில் தம்பியும் போலந்துக்காரனும். ஃப்ராங்க்ஃபர்ட்டுக்கு அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம், விமானம் இரவில்தான். நடைமேடையில் நின்று எல்லாம் பேசி, எல்லாருக்கும் எல்லாரும் நன்றி சொல்லி, முறையாக முடித்த பிறகு பலகையில் விழுந்தது: நாற்பது நிமிடம் தாமதம்.

விடைபெற்று முடிந்த பிறகு நாற்பது நிமிடம் என்ன செய்வது? மறுபடி தொடங்க முடியாது. காப்பி வாங்கினோம். எல்பிடபிள்யூவைக் காப்பிக் கோப்பைகளை வைத்து விளக்கினேன். "அப்ப பந்து ஸ்டம்புல படப்போகுதுன்னு ஒருத்தர் கற்பனை பண்ணணும், அவ்வளவுதானே?" என்றான் தம்பி. ஒரு வருட உழைப்பு வீண்போகவில்லை.

அப்புறம் ஒலிபெருக்கி: ரயில் வேறு நடைமேடைக்கு வருகிறது. ஓட்டம். படியிறங்கி, சுரங்கப்பாதையில் பெட்டிச் சக்கரம் கடகடக்க, எதிரே வருகிறவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே, மறுபடி படியேறி. போலந்துக்காரன் பெரிய பெட்டியை உள்ளே எறிந்தான், தம்பி முதுகுப்பையைத் திணித்தான், என்னையும் யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளினார்கள். கதவு மூடிக்கொண்டது. மூச்சு வாங்கித் திரும்பிப் பார்ப்பதற்குள் நடைமேடையே முடிந்துபோயிருந்தது.

காஸல் நிலையத்துக்கு முன்னால் தம்பியிடமிருந்து செய்தி: "அண்ணா, சைக்கிள் பூட்டு நம்பர் என்ன?" ஒரு வருடமாக என்னை அவன் இப்படித்தான் கூப்பிடுகிறான், தமிழில் அவனுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். நாலு இலக்கத்தையும் தட்டி அனுப்பினேன். பின் சக்கரத்தில் காற்று இறங்குகிறது, பம்பு நிலவறையில் இடதுபக்க அலமாரியில் இருக்கிறது என்றும் எழுதினேன்.